முவெட் புள்ளி குறைந்துவிட்டதா? மறுபடியும் எழுதப் பதிவதற்கு முன் ஒரு கணக்குப் போடுங்கள்

முவெட் முடிவு வெளியானதும் ரிங்லெட் கடைத்தெருவிலும் தோட்டத்து லயங்களிலும் ஒரே கேள்விதான்: "எத்தனை பேண்ட்?" மூன்று என்று பிள்ளை சொன்னால், கேட்டவர் முகம் கொஞ்சம் மாறும். "பரவாயில்லை, அடுத்த தடவை மறுபடியும் எழுது" என்று ஆலோசனையும் கூடவே வரும்.

இந்த ஆலோசனை சில பிள்ளைகளுக்குச் சரி. பல பிள்ளைகளுக்குப் பண விரயம். அதைவிடப் பெரிய நட்டம், எஸ்.டி.பி.எம். பாடங்களுக்குப் போக வேண்டிய இரண்டு மூன்று மாதங்கள் ஆங்கிலப் பயிற்சிப் புத்தகத்திலேயே கரைந்துபோவது. உங்கள் பிள்ளை இதில் எந்த வகை என்பதை முடிவுத்தாளையும் பென்சிலையும் வைத்துக்கொண்டு வீட்டிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

முவெட் என்பது மலேசியப் பல்கலைக்கழக ஆங்கில மொழித் தேர்வு. 1999-இல் தொடங்கியது. எஸ்.டி.பி.எம். நடத்தும் மலேசியத் தேர்வு மன்றமே இதையும் நடத்துகிறது. ஆறாம் படிவ மாணவர்களும் மெட்ரிகுலேஷன் மாணவர்களும் எழுதுகிறார்கள். நாட்டில் உள்ள 20 அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் ஒன்றில் பட்டப்படிப்புக்குச் சேர, யூ.பி.யூ. வழி விண்ணப்பிக்கும்போது இந்த முடிவைக் கேட்பார்கள்.

எதற்காகக் கேட்கிறார்கள் என்பதில்தான் பலர் குழம்புகிறார்கள்.

வாசலா, வரிசையா?

தமிழ்நாட்டில் உறவினர் உள்ளவர்கள் நீட் தேர்வைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அங்கே மருத்துவப் படிப்புக்கான இடம் நீட் மதிப்பெண் வரிசைப்படிதான் கிடைக்கும். ஒரு மதிப்பெண் கூடினால் வரிசையில் பல பேரைத் தாண்டலாம். அதனால் பிள்ளைகள் ஓராண்டு, ஈராண்டு காத்திருந்து மறுபடியும் எழுதுகிறார்கள். நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021-இல் தமிழ்நாடு அரசிடம் கொடுத்த அறிக்கையில், மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தவர்களில் இப்படி மீண்டும் எழுதியவர்களின் பங்கு 2016-17-இல் 12.47 விழுக்காடாக இருந்து 2020-21-இல் 71.42 விழுக்காடாக உயர்ந்ததாகச் சொல்லப்பட்டுள்ளது. அது வரிசைத் தேர்வு. மறுபடியும் எழுதினால் பலன் உண்டு என்பதால் வசதி உள்ளவர்கள் எழுதுகிறார்கள். வசதி இல்லாதவர்கள் பின்தங்குகிறார்கள்.

முவெட் அப்படியல்ல. இது வாசல் தேர்வு. ஒரு படிப்புக்கு பேண்ட் 3 வேண்டும் என்றால், 3 எடுத்தவரும் 5 எடுத்தவரும் அந்த வாசலைத் தாண்டியவர்கள்தான். அதன் பிறகு யாருக்கு இடம் என்பதை மெரிட் புள்ளி தீர்மானிக்கிறது. எஸ்.டி.பி.எம். மாணவருக்கு அந்த மெரிட் 100 புள்ளி: கல்விக்கு 90, புறப்பாட நடவடிக்கைக்கு 10. கல்விப் புள்ளி என்பது பி.என்.ஜி.கே. எனப்படும் ஒட்டுமொத்தச் சராசரியை 4-ஆல் வகுத்து 90-ஆல் பெருக்குவது. முவெட்டுக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை.

ஒரு மாணவிக்கு நான்கு பாடங்களில் ஏ மைனஸ், பி, பி, சி பிளஸ் என்று வைத்துக்கொள்வோம். புள்ளிகள் முறையே 3.67, 3.00, 3.00, 2.33. கூட்டினால் 12. நான்கால் வகுத்தால் 3.00. மெரிட்டில் இது 67.5. அந்த சி பிளஸ் பாடத்தை மட்டும் பி-க்கு உயர்த்தினால் சராசரி 3.17 ஆகிறது. மெரிட் 71.3. ஏறக்குறைய நான்கு புள்ளி கூடுகிறது. அதே மாணவி அந்த மாதங்களில் முவெட்டை 3.5-இலிருந்து 4.5-க்கு உயர்த்தியிருந்தால் மெரிட்டில் கூடியிருப்பது பூஜ்யம்.

ஆகவே முதல் கேள்வி, "என் பேண்ட் குறைவா?" என்பது அல்ல. "நான் விண்ணப்பிக்கப்போகும் படிப்பு எந்த பேண்ட் கேட்கிறது?" என்பதுதான். யூ.பி.யூ. தளத்தில் ஒவ்வொரு படிப்புக்கும் 'சியாரத் அம்', அதாவது பொதுத் தகுதியும், 'சியாரத் காஸ்', அதாவது சிறப்புத் தகுதியும் போட்டிருக்கும். பேண்ட் எவ்வளவு என்பது சிறப்புத் தகுதியில் இருக்கும். மருத்துவம், சட்டம் போன்றவற்றுக்கு 4 கேட்பது வழக்கம். அறிவியல், தொழில்நுட்பப் படிப்புகளில் 3 பரவலாகக் காணப்படும். கலை, சமூகவியல் பக்கம் 2 போதும் என்பவையும் உண்டு. ஒரே பெயருள்ள படிப்புக்கு இரண்டு பல்கலைக்கழகங்கள் வெவ்வேறு பேண்ட் கேட்கலாம். அதனால் பக்கத்து வீட்டு அக்காவின் பிள்ளை போன பல்கலைக்கழகத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். விண்ணப்பப் பட்டியலில் போட நினைக்கும் படிப்புகள் எல்லாவற்றுக்கும் தனித்தனியாகப் பார்த்து ஒரு தாளில் எழுதுங்கள். எல்லாவற்றுக்கும் கையில் உள்ள பேண்ட் போதும் என்றால் பேச்சு முடிந்தது. பிள்ளையை எஸ்.டி.பி.எம். பாடத்துக்குத் திருப்பி அனுப்புங்கள்.

இதற்கு மறுப்பாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. பல பல்கலைக்கழகங்களில் பேண்ட் குறைந்தவர்கள் உள்ளே போன பிறகு கூடுதல் ஆங்கிலப் பாடம் எடுக்க வேண்டியிருக்கும். உண்மைதான். ஆனால் அது உள்ளே போன பிறகு வரும் வேலை, அங்கேயே சொல்லியும் கொடுப்பார்கள். அதற்குப் பயந்து இப்போது எஸ்.டி.பி.எம். புள்ளியைப் பறிகொடுப்பது சரியான கணக்கு அல்ல.

எத்தனை புள்ளி தூரம்?

பேண்ட் போதவில்லை என்றால் அடுத்த வேலை, முடிவுத்தாளில் உள்ள மொத்தப் புள்ளியைப் பார்ப்பது. பலரும் பேண்டை மட்டும் பார்த்துவிட்டுத் தாளை மடித்துவிடுகிறார்கள். மொத்தம் 360 புள்ளி. 123 முதல் 163 வரை பேண்ட் 3.0. 164 முதல் 210 வரை 3.5. 211 முதல் 257 வரை 4.0. அதற்கு மேல் 293 வரை 4.5. கீழே 82 முதல் 122 வரை 2.5.

3.5 எடுத்த இரண்டு பேரை நினைத்துப் பாருங்கள். ஒருவர் 205 புள்ளி. மற்றவர் 168. இருவருக்கும் 4.0 வேண்டும். முதலாமவருக்கு 6 புள்ளி போதும். அன்று உடம்பு சரியில்லாமல் இருந்திருந்தால்கூட அந்த 6 போயிருக்கலாம். அவர் மறுபடியும் எழுதுவது நியாயம். இரண்டாமவருக்கு 43 புள்ளி வேண்டும். நான்கு தாள்களிலும் தாளுக்குப் பத்துப் பதினொன்று என்று உயர வேண்டும். முடியாதது அல்ல. ஆனால் மூன்று வாரப் பயிற்சியில் நடக்கிற காரியமும் அல்ல. அவருக்கு ஒரு முழு அமர்வைத் தாண்டி அடுத்ததில் எழுதுவது நல்லது, அல்லது 3.5 கேட்கும் படிப்பைத் தேடுவது.

அடுத்து, அந்த மொத்தப் புள்ளி எந்தத் தாளில் போயிற்று என்று பாருங்கள். இங்கே பழைய ஆலோசனை ஒன்று இன்னும் தோட்டப்புறங்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. "வாசிப்பும் எழுத்தும்தான் முக்கியம், மற்ற இரண்டும் சும்மா" என்று அண்ணன்மார், அக்காமார் சொல்வார்கள். அவர்கள் எழுதிய காலத்தில் அது உண்மை. அப்போது மொத்தம் 300 புள்ளி. வாசிப்புக்கு 120, எழுத்துக்கு 90, செவிமடுத்தலுக்கும் பேச்சுக்கும் தலா 45. 2021 முதல் அமர்வோடு அந்த முறை போய்விட்டது. இப்போது நான்கு தாளுக்கும் தலா 90. பேச்சும் செவிமடுத்தலும் சேர்ந்தால் மொத்தத்தில் பாதி.

இது கேமரன் மலைப் பிள்ளைகளுக்கு ஓரளவு சாதகமான மாற்றம் என்றே நினைக்கிறேன். வார இறுதியில் ஸ்ட்ராபெரி பண்ணையிலோ தேயிலைக் கடையிலோ நின்று வெளிநாட்டுப் பயணிகளிடம் விலை சொல்லிப் பழகிய பிள்ளைக்கு, ஆங்கிலத்தில் வாய் திறக்கக் கூச்சம் பாதி போயிருக்கும். இலக்கணப் புத்தகத்தில் நூறு பயிற்சி செய்த பட்டணத்துப் பிள்ளை குழு உரையாடலில் வாயடைத்துப் போவதும் உண்டு. பேச்சுத் தேர்வில் முதலில் தனியாகச் சில நிமிடம் பேச வேண்டும். பிறகு குழுவாக விவாதிக்க வேண்டும். விலை சொல்லும் ஆங்கிலம் மட்டும் இதற்குப் போதாது. ஒரு கருத்தைச் சொல்லி, ஏன் என்று விளக்கி, அடுத்தவர் சொன்னதற்குப் பதில் சொல்லப் பழக வேண்டும். இதைத் தனியாக உட்கார்ந்து பழக முடியாது. மூன்று நான்கு பிள்ளைகள் சேர்ந்தால் கோயில் மண்டபத்திலோ யார் வீட்டு வராந்தாவிலோ வாரம் இரண்டு முறை பழகலாம். ஒரு வெள்ளி செலவில்லை.

எழுத்துத் தாளில் 75 நிமிடத்தில் இரண்டு வேலை: 100 சொல்லுக்குக் குறையாமல் ஒரு மின்னஞ்சல் அல்லது கடிதம், 250 சொல்லுக்குக் குறையாமல் ஒரு கட்டுரை. முதல் வேலையில் கேட்ட குறிப்பு ஒன்றை விட்டுவிட்டுப் புள்ளி இழப்பவர்கள் நிறைய. இது ஆங்கிலம் தெரியாததால் வரும் இழப்பு அல்ல, கேள்வியை முழுதாகப் படிக்காததால் வருவது. பயிற்சியில் சீக்கிரம் சரியாகும். செவிமடுத்தலுக்கு 50 நிமிடத்தில் 30 கேள்வி. தினம் அரை மணி நேரம் ஆங்கிலச் செய்தி கேட்டால் சில மாதங்களில் வித்தியாசம் தெரியும். வாசிப்புத் தாள்தான் மெதுவாக நகரும். 75 நிமிடத்தில் 40 கேள்வி, நீண்ட பகுதிகள். வாசிப்புப் பழக்கம் இல்லாத பிள்ளைக்கு அது மூன்று மாதத்தில் வந்துவிடும் என்று யாராவது டியூஷன் விளம்பரம் செய்தால் நம்பாதீர்கள்.

எனவே புள்ளி போனது பேச்சிலும் எழுத்திலும் என்றால் மறுபடியும் எழுதுவதில் நம்பிக்கை அதிகம். போனது எல்லாம் வாசிப்பில் என்றால், இடைவெளி சிறியதாக இருந்தால் மட்டும் உடனே எழுதுங்கள். இன்னொன்று: குறைந்த தாளை மட்டும் தனியாக எழுத முடியாது. நான்கையும் மறுபடியும் எழுத வேண்டும். போன முறை பேச்சில் நன்றாகச் செய்த பிள்ளை இந்த முறை அதைக் கவனிக்காமல் விட்டால், ஏறிய இடத்தில் ஏறி, இருந்த இடத்தில் இறங்கி, மொத்தம் அப்படியே நிற்கும்.

தேதி

முவெட் ஆண்டுக்கு மூன்று அமர்வாக நடக்கிறது. இதைத் தவிர 'முவெட் ஆன் டிமாண்ட்' என்ற தேர்வும் உண்டு. கட்டணம் கூடுதல், முடிவு விரைவில் வரும், ஆனால் குறிப்பிட்ட மையங்களில்தான் நடக்கும். எதில் எழுதினாலும், அந்த முடிவு யூ.பி.யூ. விண்ணப்பத்தை முடிக்கும் தேதிக்கு முன்னால் வருமா என்று முதலில் பாருங்கள். வராது என்றால், இந்த ஆண்டு விண்ணப்பத்துக்கு அந்தத் தேர்வால் பயன் இல்லை. கட்டணம் கட்டிய பிறகு இதைக் கண்டுபிடிக்கும் குடும்பங்கள் உண்டு. பழைய முடிவுக்குச் செல்லுபடிக் காலம் இருப்பதையும் கவனியுங்கள். இரண்டு மூன்று ஆண்டு வேலைக்குப் போய்விட்டுத் திரும்பிப் படிக்க நினைப்பவர்கள், கையில் உள்ள பேண்ட் நல்லதாக இருந்தாலும் காலாவதியாகிவிட்டதா என்று பார்க்க வேண்டும்.

எஸ்.டி.பி.எம். புள்ளி குறைந்தால்

எஸ்.டி.பி.எம். வரிசைத் தேர்வு என்பதால் கணக்கு மாறுகிறது. 2012 முதல் இது மூன்று தவணையாக நடக்கிறது. முதலாம், இரண்டாம் தவணைத் தாள்களில் குறைந்த பிள்ளைகளுக்கு 'உலாங்ஙான்' என்ற மறுதேர்வு உண்டு. முந்தைய புள்ளி, மறுதேர்வுப் புள்ளி இரண்டில் எது கூடுதலோ அதை எடுத்துக்கொள்வார்கள். இழப்பதற்கு எதுவும் இல்லாத இந்த வாய்ப்பை, "மறுபடியும் எழுதினால் பெயிலானவள் என்று நினைப்பார்கள்" என்ற வெட்கத்தில் விட்டுவிடும் பிள்ளைகளைப் பற்றி ஆசிரியர்கள் வருத்தத்தோடு சொல்வார்கள். ஊர் என்ன நினைத்தாலும் மெரிட் கணக்கில் அது சேராது.

எல்லாப் பாடத்தையும் மறுபடியும் எழுதத் தேவையில்லை. அடுத்த கிரேடுக்கு அருகில் நிற்கும் பாடம் எது, அது சராசரியில் எவ்வளவு கூட்டும் என்று மேலே போட்ட மாதிரி கணக்குப் போட்டு, ஒன்றோ இரண்டோ எடுத்துக்கொள்வது புத்திசாலித்தனம். பெங்காஜியான் அம் பாடத்தை மட்டும் அலட்சியப்படுத்த வேண்டாம். சராசரி எவ்வளவு உயர்ந்தாலும், பல்கலைக்கழகப் பொதுத் தகுதிக்கு அந்தப் பாடத்தில் சி கிரேடும், வேறு இரண்டு பாடங்களில் சி கிரேடும் வேண்டும்.

எஸ்.பி.எம். அளவில் மலாய் மொழியில் கிரெடிட் இல்லாமல் ஆறாம் படிவம் வந்திருக்கும் பிள்ளைக்கு யோசிக்கவே வேண்டாம். முவெட்டில் 5 எடுத்தாலும் மலாய் கிரெடிட் இல்லாமல் அரசாங்கப் பல்கலைக்கழக வாசல் திறக்காது. எஸ்.பி.எம். மலாய்த் தாளை மறுபடியும் எழுதத் தனி வாய்ப்பு இருக்கிறது. 2013 முதல் எஸ்.பி.எம். சான்றிதழுக்கே கட்டாயத் தேர்ச்சிப் பாடமாகிவிட்ட வரலாற்றுக்கும் அது உண்டு. ஒரு பிள்ளைக்கு முவெட்டும் குறைவு, மலாயும் குறைவு என்றால் முதலில் மலாய்.

பெற்றோர் கேட்க வேண்டியது

இரண்டாவது முறையும் குறைந்துவிட்டது, மூன்றாவது எழுதலாமா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: இரண்டு தேர்வுக்கும் நடுவில் என்ன மாறியது? புதிதாக ஒரு ஆசிரியர், வாரம் இரண்டு நாள் பேச்சுக் குழு, இருபது கட்டுரை எழுதித் திருத்தி வாங்கியது என்று ஏதாவது பதில் இருந்தால் எழுதட்டும். பதில் இல்லை என்றால் முடிவும் ஏறக்குறைய அதே இடத்தில்தான் நிற்கும். அப்போது படிப்பை மாற்றுவது கௌரவக் குறைவு அல்ல. சட்டத்துக்கு 4 இல்லை என்றால், குறைந்த பேண்டோடு ஏற்கும் சமூகவியல், நிர்வாகப் படிப்புகளில் நல்ல எஸ்.டி.பி.எம். புள்ளிக்கு இடம் இருக்கிறது. எஸ்.பி.எம். சான்றிதழை வைத்தே போகக்கூடிய போலிடெக்னிக் டிப்ளோமாவும் உண்டு.

"ஒரு வருடம் வீட்டில் இருந்து தயாராகட்டும்" என்று முடிவெடுக்கும்போது மட்டும் கொஞ்சம் நிதானியுங்கள். தோட்டத்து வீட்டில் 'வீட்டில் இருப்பது' என்றால் என்னவென்று நமக்குத் தெரியும். காலையில் தம்பியைப் பள்ளிக்கு அனுப்புவது, மதியம் பண்ணையில் பேக்கிங் வேலைக்கு ஆள் குறைந்தால் போவது, மாலையில் சமையல். பெண் பிள்ளை என்றால் இரண்டு மடங்கு. படிப்பதற்கு மிஞ்சுவது இரவு பத்து மணிக்கு மேல். ஓராண்டு நிறுத்துவதானால் தினம் எத்தனை மணி நேரம் அவளுக்குச் சொந்தம் என்பதை முதல் நாளே வீட்டில் எல்லாரும் சேர்ந்து பேசி ஒப்புக்கொள்ளுங்கள். அது முடியாத வீடு என்றால், கிடைத்த படிப்பில் இந்த ஆண்டே சேர்ந்துவிடுவது மேல்.

பதிவு செய்வது என்று முடிவானால், தேர்வு மையத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பேச்சுத் தேர்வு ஒரு நாள், மற்ற மூன்று தாளும் வேறு நாள். மலைக்கு வெளியே மையம் என்றால் இரண்டு பயணம். ரிங்லெட்டிலிருந்து தாப்பாவுக்குச் சுமார் 45 கிலோமீட்டர் என்றாலும், வளைவும் லாரியும் சேர்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். ஆண்டு இறுதி மழையில் மண் சரிந்து பாதை அடைபட்டால் கேட்கவே வேண்டாம். அந்த மாதங்களில் தேர்வு என்றால் முதல் நாளே கீழே இறங்கி உறவினர் வீட்டில் தங்கிக்கொள்ளுங்கள். மைகார்டையும் தேர்வுப் பதிவுத்தாளையும் ஒரே உறையில் போட்டுப் பையில் வையுங்கள்.